பட்ஜெட் ஆண்ட்ராய்டு போன் மக்கர் பண்ணுகிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யலாம்

போனைத் தூக்கிக்கொண்டு சர்வீஸ் கடைக்கு ஓடும் முன் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் தேடுங்கள்: இந்தத் தொல்லை வாங்கிய நாளிலிருந்தே இருக்கிறதா, இடையில் வந்ததா? இடையில் வந்தது என்றால் பெரும்பாலும் வீட்டிலேயே சரிசெய்துவிடலாம். முதல் நாளிலிருந்தே அப்படித்தான் என்றால், அந்த விலைக்குத் தருவதற்காகக் கம்பெனி எதையோ குறைத்திருக்கிறது. அதை எந்தக் கடைக்காரராலும் மாற்றித் தர முடியாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் பலர் வீணாகக் காசு செலவழிக்கிறார்கள்.

எதைக் குறைப்பார்கள் என்பதற்கு ரெட்மி 9ஏ நல்ல உதாரணம். 2020 செப்டம்பரில் 6,799 ரூபாய்க்கு வந்தது. நம் ஊரில் பல வீடுகளில் பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்பு இந்த ரகப் போன்களில்தான் நடந்தது. 5000 எம்ஏஎச் பேட்டரி, 6.53 அங்குலத் திரை, இரண்டு சிம்மோடு தனியாக மெமரி கார்டுக்கும் இடம், ஹெட்போன் துளை. இவற்றில் கை வைக்கவில்லை. குறைத்தது வேறு இடத்தில்: 2 ஜிபி ரேம், 32 ஜிபி ஸ்டோரேஜ், அதுவும் வேகம் குறைந்த இஎம்எம்சி வகை, 10 வாட் சார்ஜிங், பழைய மைக்ரோ யுஎஸ்பி பின், தெளிவு குறைந்த 720பி திரை, கைரேகை சென்சார் கிடையாது. இன்றைக்குப் பத்தாயிரத்துக்குள் கிடைக்கும் போன்களில் எண்கள் கூடியிருக்கின்றன. குறைக்கும் இடங்கள் பெரும்பாலும் அதேதான்.

இனி அறிகுறிப்படி பார்ப்போம்.

“ஸ்டோரேஜ் நிறைந்துவிட்டது என்று வந்துகொண்டே இருக்கிறது”

முதலில் இதைப் பாருங்கள். மற்ற பல தொல்லைகளுக்கும் வேர் இங்கேதான். ஸ்டோரேஜ் விளிம்புவரை நிரம்பினால் போன் ஹேங் ஆகும், கேமரா திறக்காது, ஆப் அப்டேட் பாதியில் நிற்கும், சில நேரம் மெசேஜ்கூட வந்து சேராது. 32 ஜிபி போனில் சிஸ்டமும் கூடவே வந்த ஆப்களும் போக, உங்களுக்குக் கிடைப்பது இருபது ஜிபி சொச்சம். அதில் நாலைந்து ஜிபியாவது எப்போதும் காலியாக இருக்க வேண்டும்.

இடத்தை அடைப்பது பெரும்பாலும் வாட்ஸ்அப்தான். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் ‘ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா’, அதற்குள் ‘மேனேஜ் ஸ்டோரேஜ்’ போங்கள். 5 எம்பிக்கு மேற்பட்டவை, பலமுறை ஃபார்வர்டு ஆனவை என்று தனித்தனியாகக் காட்டும். காலை வணக்கம் வீடியோக்களையும் கோயில் திருவிழா ஃபார்வர்டுகளையும் அங்கிருந்தே மொத்தமாக அழிக்கலாம். பிறகு அதே ஸ்டோரேஜ் பக்கத்தில் மீடியா ஆட்டோ டவுன்லோடில் வீடியோவை எடுத்துவிடுங்கள். இதைச் செய்யாவிட்டால் அடுத்த மாதம் மறுபடியும் இங்கேதான் வந்து நிற்பீர்கள்.

ஒரு எச்சரிக்கை. இடம் பிடிக்கலாம் என்று போன் செட்டிங்ஸில் ஆப் பட்டியலுக்குப் போனால் ‘கிளியர் கேஷ்’, ‘கிளியர் டேட்டா’ என்று இரண்டு பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். கேஷ் என்பது ஆப் தற்காலிகமாகச் சேர்த்துவைக்கும் கோப்புகள்தான், அதை எந்த ஆப்புக்கும் தயங்காமல் அழிக்கலாம். வாட்ஸ்அப்புக்கு டேட்டாவை அழித்தால் உள்ளே புகுந்த நாள் முதல் இருந்த பேச்செல்லாம் போய்விடும். பேக்கப் இருந்தால்தான் திரும்பும்.

போட்டோக்களை மெமரி கார்டுக்கு மாற்றுங்கள். கேமரா செட்டிங்ஸிலேயே ‘எஸ்டி கார்டில் சேமி’ என்று இருக்கும். பட்ஜெட் போனின் பெரிய பலங்களில் ஒன்று இந்தக் கார்டுத் துளை. பல மடங்கு விலையுள்ள போன்களில் இது கிடையாது. ஆனால் பிளாட்பாரத்தில் விற்கும் 512 ஜிபி கார்டை வாங்காதீர்கள். அளவை ஏமாற்றிக் காட்டும் போலிக் கார்டுகள் அந்த விலையில் நிறைய. உண்மையான இடம் தீர்ந்த பிறகும் கோப்பைச் சேமித்ததாகச் சொல்லும். திறந்தால் ஒன்றும் இருக்காது. தெரிந்த கடையில் பில்லோடு 64 ஜிபி வாங்கினால் போதும். வாட்ஸ்அப் மட்டும் போனின் உள் ஸ்டோரேஜைவிட்டு நகராது, அதனால் மேலே சொன்ன துப்புரவு தேவைதான்.

கூகுள் போட்டோஸை நம்பியிருப்பவர்களுக்கு: 2021 ஜூன் 1 முதல் அதில் ஏற்றும் படங்கள் எல்லாம் 15 ஜிபி இலவச இடத்துக்குள் கணக்காகின்றன. அது நிறைந்துவிட்டால் ஜிமெயிலும் சேர்ந்து நிற்கும்.

“ஹேங் ஆகிறது, தட்டினால் இரண்டு நொடி கழித்துத்தான் திறக்கிறது”

எப்போது என்று கவனியுங்கள். ஆன் செய்தவுடனோ வைஃபை கிடைத்தவுடனோ கொஞ்ச நேரம் மட்டும் திணறிப் பிறகு தெளிந்தால், பிளே ஸ்டோர் பின்னால் ஆப்களை அப்டேட் செய்துகொண்டிருக்கும். இஎம்எம்சி ஸ்டோரேஜ் ஒற்றை வழிப் பாலம் மாதிரி: எழுதும்போது படிக்க முடியாது, படிக்கும்போது எழுத முடியாது. விலை கூடிய போன்களில் உள்ள யுஎஃப்எஸ் வகை இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யும். அதனால் பிளே ஸ்டோர் செட்டிங்ஸில் ஆட்டோ அப்டேட்டை நிறுத்திவிட்டு, வாரம் ஒருமுறை இரவில் சார்ஜ் போட்டுவிட்டு நீங்களே அப்டேட் கொடுங்கள். ஒரே மாற்றத்தில் பகல் நேரத் திணறல் கண்ணுக்குத் தெரிந்து குறையும்.

ஓர் ஆப்பிலிருந்து இன்னொன்றுக்குப் போய்த் திரும்பும்போது முதலிலிருந்து லோட் ஆகிறது என்றால் அது ரேம் போதாமை. 2 ஜிபி, 3 ஜிபி போனில் இது பிறவிக் குணம், தீராது. தணிக்கலாம். ஃபேஸ்புக்குக்குப் பதில் ஃபேஸ்புக் லைட், பயன்படுத்தாத ஷாப்பிங் ஆப்களை நீக்குவது, முகப்புத் திரையில் விட்ஜெட் வைக்காமல் இருப்பது எல்லாம் பலன் தரும். யூடியூப் கோ என்று ஒன்று இருந்தது, 2022 ஆகஸ்டோடு நிறுத்திவிட்டார்கள். இப்போது அந்தப் பெயரில் கிடைக்கும் எதையும் நிறுவாதீர்கள்.

‘ரேம் பூஸ்டர்’, ‘போன் கிளீனர்’ ஆப்களை இன்றே நீக்குங்கள். ஆண்ட்ராய்டு தானாகவே வைத்திருக்கும் ஆப்களை இவை மூடும். மூடியவை உடனே மறுபடி எழும். அதற்கும் பேட்டரி செலவு. நடுவில் விளம்பரம் வேறு. ‘கூடுதல் ரேம்’ என்று பெட்டியில் பெருமையாகப் போட்டிருப்பதும் ஸ்டோரேஜிலிருந்து கடன் வாங்கியதுதான். மெதுவான இஎம்எம்சியை ரேமாகப் பயன்படுத்துவதால் குறைந்த விலைப் போன்களில் சில சமயம் வேகம் இன்னும் குறைகிறது. அணைத்துவிட்டு இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள்.

வேகம் கூடியதுபோல் உணர ஒரு வழி உண்டு. செட்டிங்ஸில் ‘அபவுட் போன்’ போய் பில்டு நம்பரை ஏழு முறை தட்டினால் ‘டெவலப்பர் ஆப்ஷன்ஸ்’ திறக்கும் (ரெட்மி, போகோவில் பில்டு நம்பருக்குப் பதில் அங்கே உள்ள எம்ஐயுஐ அல்லது ஓஎஸ் வெர்ஷனைத் தட்ட வேண்டும்). உள்ளே அனிமேஷன் ஸ்கேல் என்று மூன்று இருக்கும். மூன்றையும் 0.5 ஆக்குங்கள். அங்கே வேறு எதையும் தொடாதீர்கள். பிறகு ஏதாவது வங்கி ஆப் திறக்க மறுத்தால் டெவலப்பர் ஆப்ஷன்ஸை அணைத்துவிடுங்கள். சில வங்கிகளின் ஆப்கள் அது ஆனில் இருந்தால் ஒத்துழைப்பதில்லை.

“சார்ஜ் ஏறவே மாட்டேன் என்கிறது”

முதலில் கணக்கு. 5000 எம்ஏஎச் பேட்டரியில் சுமார் 19 வாட் ஹவர் மின்சாரம் அடங்கும். 10 வாட் சார்ஜர், கடைசியில் மெதுவாக ஏறுவது, வெப்பமாக வீணாவது எல்லாம் சேர்த்தால் இரண்டரையிலிருந்து மூன்று மணி நேரம் ஆகத்தான் செய்யும். அந்த ரகப் போனுக்கு 33 வாட் சார்ஜர் வாங்கிப் போட்டாலும் போன் தன் 10 வாட்டுக்கு மேல் எடுத்துக்கொள்ளாது. அந்தக் காசை மிச்சம் பிடியுங்கள்.

ஐந்தாறு மணி நேரம் ஆகிறது, அல்லது கேபிளை வளைத்துப் பிடித்தால்தான் ஏறுகிறது என்றால் வரிசையாகப் பாருங்கள். வேறு கேபிள். பிறகு வேறு சார்ஜர். பிறகு பின் துளை. போனை ஸ்விட்ச் ஆஃப் செய்து, டார்ச் வெளிச்சத்தில் துளைக்குள் பாருங்கள். சட்டைப் பையின் பஞ்சு நாள்பட நாள்பட உள்ளே அழுந்தி, கெட்டியான ஒரு தட்டுபோல் அடியில் உட்கார்ந்திருக்கும். கேபிள் முழுதாக உள்ளே போகாமல் நூலளவு வெளியே நிற்கும், லேசாகத் தொட்டால் கழன்றுவிடும். மரப் பல்குத்தியால் ஓரத்திலிருந்து மெதுவாகக் கிளறினால் சாம்பல் நிறத்தில் சுருண்டு வெளியே வரும். ஊசி, ஹேர்பின் வேண்டாம், உள்ளே உள்ள தகடுகள் வளைந்துவிடும். ‘சார்ஜிங் போர்டு மாற்ற வேண்டும்’ என்று சொல்லப்பட்ட போன்கள் இந்தச் சுத்தத்திலேயே பிழைத்ததைப் பார்த்திருக்கிறேன். சுத்தம் செய்தும் கேபிள் ஆடினால் பின் தேய்ந்துவிட்டது. அதற்குக் கடைதான் வழி.

மே மாத மதியத்தில் மட்டும் ஏறவில்லை என்றால் பேட்டரி சூடு. சூடு ஒரு அளவுக்கு மேல் போனால் போனே சார்ஜை நிறுத்திவிடும். பவுச்சைக் கழற்றி, மெத்தைமேல் வைக்காமல் தரையில் வையுங்கள். ஃப்ரிட்ஜுக்குள் மட்டும் வைக்காதீர்கள், உள்ளே நீர் கோத்துக்கொள்ளும்.

“சார்ஜ் நிற்கவில்லை”

செட்டிங்ஸில் பேட்டரி பக்கம் போய் எந்த ஆப் அதிகம் எடுக்கிறது என்று பாருங்கள். பெயர் தெரிந்த ஆப் மேலே இருந்தால் வேலை எளிது. மொபைல் நெட்வொர்க்தான் மேலே இருக்கிறது என்றால் டவர் பலவீனம். 5ஜி போனில், 5ஜி சரியாக எட்டாத ஊரில், நெட்வொர்க் வகையை 4ஜிக்கு மாற்றிவைத்தால் மாலைவரை தாங்காத பேட்டரி இரவுவரை தாங்கும். இந்த ரகப் போன்களின் பெரிய பலமே பேட்டரி. திரையும் சிப்பும் எளியவை, அதனால் செலவும் குறைவு. அந்தப் பலம் இரண்டு, மூன்று ஆண்டில் குறைவது இயல்பு.

திரையோ பின்மூடியோ லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றால் பேட்டரி உப்பியிருக்கிறது. அமுக்கிப் பார்க்காதீர்கள், சார்ஜ் போடாதீர்கள், ஸ்விட்ச் ஆஃப் செய்து நேராகக் கடைக்குக் கொண்டுபோங்கள். இந்தக் கட்டுரையில் தள்ளிப்போடக் கூடாதது இது ஒன்றுதான்.

“டச் தானாகவே அடிக்கிறது”

எங்கள் அத்தை ஒருநாள் பதறிப்போய் வந்தார். போன் தானாக யாருக்கோ கால் போகிறது, எழுத்துகள் தாமாக விழுகின்றன, ஹேக் செய்துவிட்டார்கள் என்றார். கடையில் டிஸ்ப்ளே காம்போ (திரையும் டச்சும் சேர்ந்த பாகம்) மாற்றச் சொல்லி, போன் விலையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு கேட்டிருக்கிறார்கள். “அத்தை, எப்பல்லாம் இப்படி ஆகுது?” என்று கேட்டேன். “சார்ஜ் போட்டுக்கிட்டே பேசும்போதுதான்ப்பா” என்றார். சார்ஜரைப் பிடுங்கினோம், டச் ஒழுங்காக வேலை செய்தது. மறுபடி செருகினோம், ஆட்டம் ஆரம்பித்தது. பெட்டியோடு வந்த சார்ஜர் கெட்டுப்போய், பஸ் ஸ்டாண்டில் வாங்கிய சார்ஜர் அது. மலிவுச் சார்ஜர்களில் மின் இரைச்சலை வடிகட்டும் பாகங்களைக் குறைத்துவிடுவார்கள். அந்த இரைச்சல் கேபிள் வழியாக வந்து, விரல் தொடுவதை உணரும் மெல்லிய மின்புலத்தைக் குழப்பிவிடும். சார்ஜரை மாற்றினார், முடிந்தது.

சார்ஜர் இல்லாமலும் ஆடினால் டெம்பர் கிளாஸைக் கழற்றிவிட்டுத் திரையைத் துடைத்துப் பாருங்கள். அப்புறம் சோதனைப் பக்கம்: ரெட்மி, போகோ போன்களில் டயல் பேடில் *#*#6484#*#*, சாம்சங்கில் *#0*#. அதில் டச் சோதனையில் திரை முழுதும் விரலை இழுங்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் கோடு அறுந்தால் அங்கே டச் போய்விட்டது. காம்போ மாற்றத்தான் வேண்டும்.

வெயிலில் திரை தெரியவில்லை என்பது இதில் சேராது. எளிய எல்சிடி திரையின் உச்ச வெளிச்சம் அவ்வளவுதான்.

“கால் பேசும்போது திரை கறுப்பாகி, கட் பண்ண முடியவில்லை”

காதருகே கொண்டுபோனதும் திரையை அணைக்கும் சென்சார் மேல்பக்கம், ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் இருக்கிறது. அளவு பொருந்தாத டெம்பர் கிளாஸ் அதை மறைத்தால், போன் இன்னும் காதில்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளும். கிளாஸைக் கழற்றி ஒரு கால் செய்து பாருங்கள்.

எதிராளிக்குக் குரல் கேட்கவில்லை என்றால் கீழே உள்ள மைக் துளையைப் பவுச் மறைக்கிறதா என்று பாருங்கள். உங்களுக்குக் கேட்கவில்லை என்றால் மேலுள்ள ஸ்பீக்கர் வலையில் அழுக்கு. உலர்ந்த, மென்மையான பல்துலக்கும் பிரஷ் போதும்.

“மெசேஜ் எல்லாம் போனைத் திறந்த பிறகுதான் வருகிறது”

ரேமையும் பேட்டரியையும் மிச்சப்படுத்த, பின்னால் ஓடும் ஆப்களைப் போன் கொன்றுவிடுகிறது. அந்த ஆப்பின் பேட்டரி செட்டிங்கில் ‘நோ ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்’ அல்லது ‘அன்ரெஸ்ட்ரிக்டட்’ தேர்ந்தெடுத்து, ஆட்டோ ஸ்டார்ட் இருந்தால் ஆன் செய்யுங்கள். வாட்ஸ்அப், வேலை சம்பந்தப்பட்ட ஆப், மருந்து நினைவூட்டும் ஆப் இவற்றுக்கு மட்டும் கொடுங்கள். எல்லாவற்றுக்கும் கொடுத்தால் மறுபடி ஹேங் ஆகும்.

“திரையெல்லாம் விளம்பரம்”

இது மூன்று வகை. ‘உங்கள் போனில் வைரஸ்’ என்று அறிவிப்பு வந்து மிரட்டினால் அது வைரஸ் இல்லை, குரோமில் ஏதோ ஒரு தளத்துக்கு அறிவிப்பு அனுமதி கொடுத்திருக்கிறீர்கள். குரோம் செட்டிங்ஸில் ‘சைட் செட்டிங்ஸ்’, அதில் ‘நோட்டிஃபிகேஷன்ஸ்’ போய், தெரியாத தளங்களை எல்லாம் தடுத்துவிடுங்கள்.

வேறு எதையோ செய்துகொண்டிருக்கும்போது முழுத்திரை விளம்பரம் பாய்ந்தால் ஏதோ ஓர் ஆப்பின் வேலை. விளம்பரம் நிற்கும்போதே ரீசன்ட்ஸ் பட்டனைத் தட்டினால் எந்த ஆப் என்று பெயர் தெரியும். தெரியாவிட்டால் சேஃப் மோட். பல போன்களில் பவர் ஆஃப் எழுத்தை அழுத்திப் பிடித்தால் வரும். சிலவற்றில் ஆன் ஆகும்போது வால்யூம் குறைக்கும் பட்டனை அழுத்திப் பிடிக்க வேண்டும். அங்கே நீங்கள் நிறுவிய எதுவும் ஓடாது. தொல்லை அங்கே இல்லை என்றால் குற்றவாளி நீங்கள் நிறுவிய ஆப்தான். ஹேங், சூடு, சார்ஜ் இறங்குவது எல்லாவற்றுக்கும் இந்தச் சோதனை பொருந்தும்.

மூன்றாவது, கம்பெனியே வைத்த விளம்பரம். விலையைக் குறைத்ததில் இதற்கும் பங்கு உண்டு. லாக் ஸ்கிரீனில் வரும் கிளான்ஸை லாக் ஸ்கிரீன் செட்டிங்ஸிலேயே அணைக்கலாம். ரெட்மி, போகோவில் ‘ஆதரைசேஷன் அண்ட் ரிவொகேஷன்’ பக்கத்தில் எம்எஸ்ஏ (விளம்பரம் காட்டும் சிஸ்டம் ஆப்) என்று இருப்பதை அணையுங்கள். இன்டர்நெட் ஆனில் இருக்க வேண்டும். பத்து நொடி காக்கவைத்துவிட்டு ‘முடியவில்லை’ என்று சொல்லும். விடாமல் மறுபடி முயன்றால் அணையும்.

“5ஜி போன் வாங்கினேன், 5ஜி வரவில்லை”

வாங்கும் முன் பார்க்க வேண்டிய சமாச்சாரம் இது. 5ஜி இரண்டு விதம்: முழுக்கத் தனி 5ஜி அமைப்பில் ஓடும் எஸ்ஏ, 4ஜியின் முதுகில் ஓடும் என்எஸ்ஏ. ஜியோ எஸ்ஏ. 2024 நவம்பரில் 8,499 ரூபாய்க்கு வந்த ரெட்மி ஏ4 5ஜி, எஸ்ஏ மட்டும் ஏற்கும் சிப்போடு வந்தது. அப்போது ஏர்டெல் 5ஜி என்எஸ்ஏவில் ஓடியதால், அந்தப் போனில் ஏர்டெல் சிம்முக்கு 4ஜிதான். பெட்டியில் ‘5ஜி’ என்று மட்டும் இருந்தால் போதாது. உங்கள் சிம்முக்கு எந்த வகை வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.

ஜியோவில் நெட் ஓடுகிறது, கால் மட்டும் போகவில்லை என்றால் சிம் செட்டிங்ஸில் வோல்ட்இ (4ஜி வழியாகவே கால் பேசும் வசதி) ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். ஜியோவுக்கு 2ஜி, 3ஜி கிடையாது. வோல்ட்இ இல்லாமல் குரலுக்கு வழியில்லை. வீட்டு வைஃபையில் ஒரு பெயர் மட்டும் போனில் காட்டவே இல்லை என்றால் அது 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை. ரெட்மி 9ஏ போன்றவை 2.4 மட்டுமே பிடிக்கும். ரவுட்டரில் 2.4ஐயும் ஆன் செய்யுங்கள்.

“போட்டோ மங்கலாக வருகிறது”

லென்ஸைப் பருத்தித் துணியால் துடையுங்கள், ஒட்டி வந்த பிளாஸ்டிக் தாள் இன்னும் இருந்தால் உரியுங்கள். பகலில் தெளிவாகவும் இரவில் மங்கலாகவும் வந்தால் சென்சாரின் எல்லை அது. பட்டனைத் தட்டிய பிறகும் ஒரு நொடி கையை அசைக்காமல் இருந்தால் கொஞ்சம் தேறும். ஆதார், ரேஷன் கார்டைப் படமெடுக்க ஜன்னலோரம் போதும், அந்த வேலைக்கு இந்தக் கேமரா தாராளம்.

எதற்கும் மசியவில்லை: ஃபேக்டரி ரீசெட்

தானாக ரீஸ்டார்ட் ஆவது, சேமித்த கோப்புகள் காணாமல் போவது என்று தொடர்ந்தால் உள் ஸ்டோரேஜே தேய்ந்திருக்கலாம். அப்போது ரீசெட்டும் கைகொடுக்காது. முதலில் படங்களையும் தொடர்பு எண்களையும் வெளியே எடுங்கள்.

மற்றபடி ரீசெட் செய்யும் முன் ஜிமெயில் முகவரியும் பாஸ்வேர்டும் நினைவிருக்கிறதா என்று வேறொரு போனில் நுழைந்து பார்த்து உறுதிசெய்யுங்கள். பாஸ்வேர்டு தெரியாமல் ரிக்கவரி (பட்டன்களை அழுத்திப் பிடித்து ஆன் செய்தால் வரும் திரை) வழியாக அழித்தால், போன் பழைய கணக்கைக் கேட்டுப் பூட்டிக்கொள்ளும். வாட்ஸ்அப் பேக்கப் எடுங்கள். பிறகு செட்டிங்ஸ் வழியாகவே ரீசெட் கொடுங்கள்.

மறுபடி ஆன் ஆனதும் பழைய ஆப்களை மொத்தமாக இறக்காமல், தேவைப்படும்போது ஒவ்வொன்றாக நிறுவுங்கள். ஜிபே, போன்பே திரும்பப் பதிவாகும்போது உங்கள் சிம்மிலிருந்து ஓர் எஸ்எம்எஸ் தானாகப் போகும். எஸ்எம்எஸ் இல்லாத ரீசார்ஜ் பிளானில் இருந்தால் அது போகாது, ‘சரிபார்க்க முடியவில்லை’ என்றே வந்துகொண்டிருக்கும். ரீசெட்டுக்கு முந்தின நாளே ரீசார்ஜைப் பார்த்துக்கொள்ளுங்கள்.